காருக்கும் உண்டு கைவைத்தியம்

கைவைத்தியம் தெரியாத வீடு நம் ஊரில் ஏது? ராத்திரி பத்து மணிக்கு இருமல் என்றால் சுக்கும் மிளகும் எடுக்கிறோம். காலையில் தணியவில்லை என்றால் டாக்டரிடம் போகிறோம். டாக்டரைப் பார்க்கும் வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் கைவைத்தியம். அதையே முழு வைத்தியமாக நினைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் ஆபத்து. இந்தப் பக்கத்தில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இந்த முறை நோயாளி மட்டும் வேறு. வாசலில் நிற்கும் பழைய கார்!

"இது ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பள்ளிக்கூடம், பாட்டு கிளாஸ், டாக்டர், கல்யாண வீடு என்று பகல் முழுக்க அந்த வண்டியில் அலைபவர்கள் நாம்தான். அது நடுவழியில் நின்றால் வெயிலில் குழந்தையோடு நிற்பதும் நாம்தான்.

அடையாறிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனார் ஆசையாக வைத்திருந்த பழைய மாருதி 800-ஐ இப்போது அவர்தான் ஓட்டுகிறாராம். மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் குழந்தைகள் இருவரையும் மயிலாப்பூருக்கு அழைத்துப் போயிருக்கிறார். லஸ் அருகே நெரிசலில் நகர முடியாமல் நின்றபோது பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. உடனே நாலு பேர் கூடி நாலு யோசனை சொன்னார்களாம்.

"மூடியைத் திறந்து பச்சைத் தண்ணி ஊத்துங்கம்மா" என்றாராம் ஒருவர். "மஞ்சப் பொடி ரெண்டு ஸ்பூன் போடுங்க, ஒழுகுறது நின்னுடும்" என்றாராம் இன்னொருவர். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது என்னத்துக்கு?" என்பது மூன்றாவது யோசனை. "ஃபேனை டைரக்டா போட்டுக்கிட்டா பிரச்னையே இல்ல" என்பது நாலாவது. "இதில் எதைக் கேட்பது, எதை விடுவது?" என்று கேட்கிறார் வாசகி.

நல்ல கேள்வி. நாலில் ஒன்று கையையும் முகத்தையும் வேக வைத்துவிடும். ஒன்று பாதி உண்மை. ஒன்று வேண்டாத வேலை. ஒன்றைச் செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குக்கர் தெரிந்தவருக்கு ரேடியேட்டரும் தெரியும்

எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மற்றதெல்லாம் சூடு. அதில் பெரும் பங்கு பின்னால் புகையோடு போய்விடுகிறது. ஏறத்தாழ அதே அளவு சூட்டை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீரை ஓட வைப்பது வாட்டர் பம்ப். சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, அங்குள்ள மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப எஞ்சினுக்குப் போகிறது. கொதிக்கிற பாலை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றுகிறோமே, அதே வேலைதான்.

ரேடியேட்டரின் மூடியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது வெறும் மூடி இல்லை, நம் குக்கரின் வெயிட்டைப் போன்றது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும் என்பது தெரிந்ததுதான். இப்போதைய கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் போட்டிருக்கும். அது அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அம்பாஸடர் காலத்து வண்டிகளில் அழுத்தம் இதைவிடக் குறைவு. ஆனால் விஷயம் ஒன்றுதான்.

சரி, நெரிசலில் மட்டும் ஏன் சூடேறுகிறது? அம்பாஸடர், பத்மினி, வண்டலூர் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய வண்டிகளிலெல்லாம் ரேடியேட்டர் விசிறி, எஞ்சினோடு பெல்ட்டால் சுற்றுவது. வண்டி நின்றால் எஞ்சின் மெதுவாக ஓடும், விசிறியும் மெதுவாகச் சுற்றும். எதிர்க்காற்றும் இருக்காது. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ல் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. அதன் மோட்டாரோ, சூட்டை உணர்ந்து அதைப் போட்டு விடும் சுவிட்சோ கெட்டால், ஓடும்போது தெரியாது. உஸ்மான் ரோடில் பத்து நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு நம் ஊர் வெயில் வேறு. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதே!

முள் ஏறும்போதே என்ன செய்வது?

ஆவி கிளம்பும் முன் வண்டி ஜாடை காட்டும். சூடு காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறும். ஏ.சி.யில் திடீரென்று வெதுவெதுப்பான காற்று வரும். சிலசமயம் தித்திப்பான ஒரு வாசனையும் அடிக்கும்.

உடனே ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகத் திருப்புங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வெளியே வந்துவிடும். பெல்ட் விசிறி உள்ள வண்டியானால் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை லேசாக மிதியுங்கள். விசிறியும் பம்பும் வேகம் எடுக்கும். அப்படியும் முள் இறங்கவில்லையா? அடுத்த சிக்னல் வரை பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். இடது ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

அப்போது அணைத்தால் பெரும்பாலும் சின்னச் செலவோடு போகும். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடலாம். குக்கருக்கு கேஸ்கெட் இருப்பதைப் போல எஞ்சினுக்கும் ஒன்று உண்டு. குக்கரில் அதைக் கையாலேயே மாற்றிவிடுகிறோம். காரில் எஞ்சினின் தலையையே கழற்ற வேண்டும்!

முதல் யோசனை: மூடியைத் திறப்பது

கூடவே கூடாது. குக்கரில் ஆவி அடங்கும் முன் மூடியை நெம்பித் திறந்தால் என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டாம். ரேடியேட்டரிலும் அதுவேதான். மூடி விலகியதும் அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் இருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகச் சீறி வெளியே வரும். குனிந்து பார்ப்பவரின் முகம்தான் அதற்கு நேர் எதிரே இருக்கும்.

குறைந்தது அரை மணி, முடிந்தால் முக்கால் மணி பொறுங்கள். மந்தைவெளியில் ஒரு பழைய மெக்கானிக் சொல்வார்: "டீ குடிச்சிட்டு வாங்கம்மா, முடிஞ்சா ரெண்டு டீயா குடிங்க." பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தால் பானெட்டைக்கூடத் திறக்க வேண்டாம். அடங்கிய பிறகு திறந்து வைத்தால் சீக்கிரம் ஆறும்.

பிறகு மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்துக்கொண்டிருக்கும் அளவு ஆறி, அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் மூடிக்குப் போகலாம். கெட்டித் துணியை நாலாக மடித்து மூடியின் மேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் திருப்பு மட்டும் திருப்புங்கள். அங்கே ஒரு தடை இருக்கும். மிச்ச அழுத்தம் புஸ்ஸென்று வெளியேறட்டும். சத்தம் முழுவதும் அடங்கிய பிறகே அழுத்தித் திருப்பி எடுக்க வேண்டும்.

தண்ணீரையும் மடமடவென்று கொட்டாதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கல்சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டால் விரிந்துவிடும் அல்லவா? சூடான எஞ்சினும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மாருதி போன்ற வண்டிகளில் எஞ்சின் அணைந்திருந்தாலும் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கிவிடலாம். புடவைத் தலைப்பை, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பின்னலை முடிந்துகொள்ளுங்கள். விசிறிப் பக்கம் கையை விடாதீர்கள். குழந்தைகளைப் பானெட் அருகே வரவே விடாதீர்கள்.

இரண்டாவது யோசனை: மஞ்சள் பொடி

இது கட்டுக்கதை இல்லை. லாரி டிரைவர்களும் டாக்ஸி டிரைவர்களும் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து சொட்டினால் மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றுவார்கள். தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓடும்போது பொடியும் கூடவே போய் அந்த வாயில் அடைகிறது. மஞ்சளில் நாரும் மாவுச்சத்தும் இருக்கிறது. கூட்டில் அரிசி மாவு கரைத்து விட்டால் இறுகுவதைப் போல, சூட்டில் அது ஊறி இறுகிக்கொள்கிறது. சொட்டுவது நிற்கிறது.

ஆனால் பொடிக்கு எது ஓட்டை, எது குழாய் என்று எப்படித் தெரியும்? ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய்களே மெல்லியவை. இரண்டு ஸ்பூன் நிற்கவில்லையே என்று அரை டப்பாவைக் கவிழ்த்தால் அந்தக் குழாய்களும் அடைத்துக்கொள்ளும். ஒழுகுவது நிற்கும், சூடேறுவது இரண்டு மடங்காகும்!

ஆகவே மஞ்சள் பொடி ஊசி ஓட்டைக்கு மட்டும், வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஆறிய பிறகு, ஒன்று அல்லது இரண்டு சின்ன ஸ்பூன், கட்டியில்லாமல் கரைத்து ஊற்றலாம். ஓரிரு நாளில் மெக்கானிக்கிடம் போய், "மஞ்சள் போட்டிருக்கிறேன், முழுக்க வடித்துக் கழுவி விடுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். டாக்டரிடம் முதல் நாள் சாப்பிட்ட மருந்தைச் சொல்வதைப் போல, இதையும் மறைக்கக் கூடாது.

முட்டையின் வெள்ளைக் கரு, மிளகுப் பொடி என்றெல்லாம்கூடச் சொல்வார்கள். உள்ளே அழுகி நாறும் எதையும் போட வேண்டாம்.

பழைய வண்டியானால் நிரந்தர வைத்தியம் சுலபம். அம்பாஸடர், பத்மினி ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் சேர்ந்தவை. நம் அண்டா, தவலையின் ஜாதி! ரேடியேட்டர் வேலை செய்பவர் ஓட்டையைத் தேடிப் பிடித்து ஈயப்பற்று வைத்துவிடுவார். பிறகு வந்த அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டரில் அந்தப் பற்று நிற்காது. பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

ஒழுகுவது ஹோஸ் என்றால்

பல சமயம் ரேடியேட்டரில் கோளாறே இருக்காது. ரப்பர் ஹோஸ்தான் வெடித்திருக்கும். அதற்கும் முன்னால் கிளிப்பைப் பாருங்கள். அது தளர்ந்து தண்ணீர் கசிந்தால் ஒரு திருப்புளியால் முறுக்கினால் போதும். அரை நிமிஷ வேலை.

ஹோஸே விரிந்திருந்தால் சைக்கிள் ட்யூப் கை கொடுக்கும். பழைய ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் ஆறியதும் துணியால் ஈரம் போகத் துடைத்து, விரிசலுக்கு நாலு விரல் முன்பிருந்து ஆரம்பித்து, நன்றாக இழுத்து, ஒரு சுற்றின் மேல் பாதி அடுத்த சுற்று வரும்படி சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டுப் போடுவதைப் போலத்தான். இரண்டு முனையிலும் கட்டுக் கம்பியால் முறுக்கிவிடுங்கள்.

பிறகு, மூடியை முழுக்க இறுக்காமல் முதல் தடையிலேயே நிறுத்துங்கள். அழுத்தம் ஏறாததால் கட்டு பிய்த்துக்கொள்ளாது. ஆனால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். எனவே ஏ.சி. இல்லாமல், மெதுவாக, முள்ளின் மேல் ஒரு கண் வைத்தபடி ஓட்டுங்கள். நேரே வீட்டுக்கோ மெக்கானிக்கிடமோதான் போக வேண்டும். "பாண்டி பஜாரில் ஒரே ஒரு சாமான்" என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஃபேன் பெல்ட் அறுந்தால்? வெளிநாடுகளில் பெண்களின் நீளக் காலுறையைக் கட்டி ஓட்டிய கதைகள் உண்டு. நம்மவர்கள் நைலான் கயிறு கட்டிப் பார்ப்பார்கள். முடிச்சு நழுவும், அறுந்து சுற்றிக்கொள்ளும். அந்தச் சாகசம் வேண்டாம். உங்கள் வண்டிக்கான பெல்ட் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். தெருமுனை மெக்கானிக் வந்து மாட்டிவிடுவார்.

மூன்றாவதும் நாலாவதும்

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டிச் சூடான பிறகுதான் திறந்து தண்ணீரை விடும். அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும், உண்மைதான். அப்படிச் சிக்கியதைத் தற்காலிகமாகக் கழற்றி வீடு வந்து சேரலாம். ஆனால் நல்லதைக் கழற்றி எறிவது, ஜுரம் வருகிறதென்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம். எஞ்சின் வேண்டிய சூட்டை அடையவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். சில வண்டிகளில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதும் உண்டு. புது தெர்மோஸ்டாட் போடுவதே சரி.

விசிறியை "டைரக்ட்" போடுவது மாருதி மாதிரி வண்டிகளுக்கான யோசனை. சூட்டை உணரும் சுவிட்ச் கெட்டுப் போனால், விசிறிக்குத் தனி வயர் இழுத்து, தனி சுவிட்ச் வைத்துவிடுவார்கள். நெரிசலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். செய்யலாம், ஆனால் அந்த வயரில் ஃப்யூஸும் ரிலேயும் இருக்கிறதா என்று கேளுங்கள். விசிறி நிறைய மின்சாரம் இழுப்பது. ஃப்யூஸ் இல்லாத வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். வீட்டில் ஃப்யூஸ் இல்லாமல் கம்பியை முறுக்கி விடுவோமா?

தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்?

அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் சரி. ஆனால் தினமும் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கடலோர ஊர் இது. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் குழாயிலும் பக்கெட்டிலும் உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாயிலும் படியும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது இன்னும் மோசம். வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டரே நல்லது.

"நம் ஊரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அது உறைவதைத் தடுக்க மட்டும் இல்லை. கொதிநிலையைச் சற்று உயர்த்தும், துருப்பிடிக்காமல் காக்கும். ரேடியேட்டர் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் உள்ளே துரு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் கூலன்ட் இருந்தால் இதைக் கவனியுங்கள்

தாய்மார்கள் இந்த ஒரு பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டும். பெரும்பாலான கூலன்டில் எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனம் இருக்கிறது. தித்திப்பாக இருக்கும், விஷம். பச்சை, சிவப்பு என்று பார்ப்பதற்கு ஷர்பத் போலவே இருக்கும். கொஞ்சம் குடித்தாலே குழந்தைக்குப் பேராபத்து. முதலில் வாந்தியும் தள்ளாட்டமும் வரலாம். சில மணி நேரம் ஒன்றுமில்லாதது போலத் தோன்றி, பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படும்.

மிச்சக் கூலன்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். கம்பெனி டப்பாவிலேயே, எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். தரையில் சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாயும் பூனையும்கூட நக்கிவிடும். குழந்தை குடித்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது.

நடுவழியில் குழந்தைகள்

வண்டி நின்றதும் குழந்தைகளை நடைபாதைப் பக்கக் கதவு வழியாக இறக்கி நிழலில் உட்கார வையுங்கள். "நீ உள்ளேயே இரு" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிஷத்தில் சூடு 10 டிகிரி வரை ஏறிவிடும். பெரிய குழந்தைகளுக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும், ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

ஆவி பட்டுச் சுட்டுவிட்டால்

சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வையுங்கள், இரண்டு நிமிஷத்தோடு விட்டுவிடாதீர்கள். நடுத்தெருவில் குழாய் ஏது? கைவசம் இருக்கும் குடிதண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ கேளுங்கள். வளையல், மோதிரத்தை வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், பற்பசை, இங்க், நெய், இட்லி மாவு எதுவும் வேண்டாம். மஞ்சள் பொடி ரேடியேட்டர் ஓட்டைக்கு ஆகலாம், சுட்ட புண்ணுக்கு ஆகாது!

பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் காட்டுங்கள். முகம், கண், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ, பட்டது குழந்தை மேல் என்றாலோ தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்

இத்தனை அவஸ்தையையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். வாரத்தில் ஒரு நாள், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

தண்ணீர் போன வாரம் இருந்த அளவில் இருக்கிறதா? ஹோஸை அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். அப்பளம் போல் நொறுங்கினாலும், ஊறின பஞ்சு போல் தொளதொளத்தாலும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டின் உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா? ரேடியேட்டரின் முகத்தில் சருகும் பூச்சியும் அடைந்திருந்தால் மெல்லிய தண்ணீர் வேகத்தில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பச்சையோ பழுப்போ சொட்டியிருந்தால் கூலன்ட். பளிங்கு போன்ற வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏ.சி.யில் வடிந்தது, கவலை இல்லை. கறுப்புப் பிசுக்கு என்றால் எண்ணெய்.

பழைய வண்டிக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்ற பயமும் வேண்டாம். அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றது, பத்மினி அதற்கும் வெகு முன்பே நின்றுவிட்டது. ஆனாலும் நம் ஊரில் புது பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. ரேடியேட்டர் மூடி வாங்கும்போது மட்டும், பழைய மூடியின் மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

டிக்கியில் ஒரு பை

— 5 லிட்டர் தண்ணீர் கேன், குடிதண்ணீர் தனியாக
— கெட்டித் துண்டு ஒன்று
— திருப்புளி, இரண்டு ஹோஸ் கிளிப்
— நறுக்கிய சைக்கிள் ட்யூப், கொஞ்சம் கட்டுக் கம்பி
— வண்டிக்கான ஃபேன் பெல்ட்
— சின்னப் பொட்டலம் மஞ்சள் பொடி (சமையலறைக்குத் திரும்பி வராமல் பேர் எழுதி வையுங்கள்!)
— குழந்தைக்குத் தொப்பி, குடை

எப்போது எதுவும் செய்யக் கூடாது?

எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் விட்ட காபி போல் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. ஆறிய ரேடியேட்டரைத் திறந்து வைத்து எஞ்சினைப் போட்டதும் விடாமல் குமிழி வந்தாலோ, பின்னால் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இதற்கு மஞ்சளும் இல்லை, ட்யூபும் இல்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, குழந்தைகளோடு ஓர் ஆட்டோவில் வீட்டுக்குப் போங்கள். வண்டியை மெக்கானிக் வந்து இழுத்துப் போகட்டும்.

அடையாறு சகோதரிக்கு நம் பதில் இதுதான். அன்றைக்கு மூடியைத் தொடாமல் குழந்தைகளோடு ஓரமாக நின்றீர்களே, அதுவே பாதி வைத்தியம். மீதிக்கு இந்த வாரமே விசிறி சுவிட்சையும் ஹோஸையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் செய்துவிட்டால் நிம்மதி.

அடுத்த இதழில்: மழைக்காலத்துக்கு முன் வைப்பரையும் பிரேக்கையும் வீட்டிலேயே சோதித்துக்கொள்வது எப்படி?